டெஸ்ட் பீன்கள்: எக்ஸ்எம்எல்லா, ஜாவாவா?

கம்பைலர் தாசன்: "டெஸ்ட் பீன்களை (ஸ்பிரிங் உருவாக்கி ஒண்ணோட ஒண்ணு இணைச்சுத் தர்ற ஆப்ஜெக்ட்களை) எக்ஸ்எம்எல் ஃபைல்லதான் வைக்கணும், மாத்தினா ரீகம்பைல் வேண்டாம்"னு நேத்து இங்க ஒருத்தர் உபதேசம். 2009-லயே ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் 3.0, பீன்களை ஜாவாலயே எழுத கான்ஃபிகரேஷன் கிளாஸைக் கையில கொடுத்தாச்சு. இன்னுமா?

பீன் பாண்டி: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ரீகம்பைல் வேண்டாம்னேன். வேண்டாம்தான். எங்க தப்பு, காட்டுங்க தம்பி.

கம்பைலர் தாசன்: மேவன்ங்கற பில்ட் கருவில டெஸ்ட் ஓட்டினா எப்படியும் ரிசோர்ஸைக் காப்பி பண்ணி, கம்பைல் கட்டத்தைத் தாண்டித்தான் டெஸ்டுக்கே வரும். நீங்க மிச்சம் பிடிச்சது என்ன? கிளாஸ் பேர்ல ஒரு எழுத்து பிசகினா ஜாவால கம்பைலரே நிறுத்திடும். உங்க எக்ஸ்எம்எல்ல ஓடவிட்ட பிறகுதான் வெடிக்கும். அப்புறம், தம்பி எல்லாம் வேண்டாம்.

கிரேடில் குமரன்: இன்னுமா மேவன்? 🤦

பீன் பாண்டி: ஐடிஇ (புரோகிராம் எழுதற எடிட்டர்) தப்புக்குச் சிவப்புக்கோடு போடுமே, பார்க்கறதில்லையா? நாங்க ஒரே டெஸ்ட் ஜாரை (கம்பைல் பண்ணிக் கட்டின ஃபைலை) மூணு சர்வர்ல ஓட்டுறோம். டேட்டாபேஸ் முகவரி மட்டும் வெளி ஃபைல்ல. ரீகம்பைல் கிடையாது.

ராத்திரி டெஸ்டர்: பாண்டி அண்ணே, அது பிராப்பர்ட்டி, வெறும் அமைப்பு மதிப்பு. இவர் பேசறது எந்த பீனுக்குள்ள எந்த பீன் போகுதுங்கறதை. ரெண்டும் வேற.

பீன் பாண்டி: வேறயோ ஒண்ணோ, ரீகம்பைல் உண்டா இல்லையா?

கம்பைலர் தாசன்: எங்க பழைய புராஜெக்ட்ல போலி மெயிலர் ஒரு எக்ஸ்எம்எல்ல, நிஜ மெயிலர் இன்னொண்ணுல, ஒரே ஐடி. பின்னாடி லோடானது முன்னாடி இருந்ததைச் சத்தமில்லாம முழுங்கிடுச்சு. டெஸ்ட் மெயில் நிஜ வாடிக்கையாளருக்கே போச்சு. ஸ்பிரிங் பூட் 2.1-ல இந்த மேலெழுதலை இயல்பாவே தடுத்தது சும்மாவா?

பீன் பாண்டி: ஃபைல் வரிசையை மாத்தி எழுதிட்டு எக்ஸ்எம்எல் மேல பழி. நல்லா இருக்கு. உங்க ஜாவா பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? டெஸ்ட் கிளாஸுக்கு ஒரு தினுசா மாக்பீன் (நிஜ பீனுக்குப் பதிலா போலி) போடுவீங்க. ஒவ்வொரு தினுசுக்கும் கான்டெக்ஸ்ட் (பீன்கள் எல்லாம் இருக்கற கூடு) புதுசா எழும்பும். எழுப்பினதைச் சேர்த்து வைக்கற கேஷ்ல இயல்பா 32 கான்டெக்ஸ்ட்தான் நிற்கும். அதைத் தாண்டினா பழசைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து. பில்ட் முடியறதுக்குள்ள டீ குடிச்சுட்டு டிபனும் முடிச்சுடலாம். அந்த மாக்பீனையே பூட் 3.4-ல ஓரங்கட்டியாச்சு, இனி மாக்கிட்டோபீனாம். எல்லா டெஸ்டையும் தொட்டு ரீகம்பைல் பண்ணுங்க. நான் ஸ்பிரிங் 2.5 காலத்துல எழுதின எக்ஸ்எம்எல் இன்னிக்கும் ஓடுது.

ராத்திரி டெஸ்டர்: மாக்பீன் பிரச்சினைக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கிரேடில் குமரன்: மேவனுக்குப் பதிலான கிரேடில் கருவில பில்ட் கேஷ் இருக்கு...

பீன் பாண்டி: குமரா, கிரேடிலுக்குத் தனி இழை போட்டுக்க. உன் டீமன் (பின்னணியில ஓடற புரோகிராம்) என் ராம்ல பாதியைத் தின்னது மறக்கல.

கம்பைலர் தாசன்: தோத்தா பேச்சை மாத்தறது உங்களுக்குப் புதுசா? லோம்போக்ங்கற ஜாவா லைப்ரரி பத்தின விவாதத்துலயும் இதேதான். லிங்க் எடுக்கட்டுமா?

பீன் பாண்டி: தாராளமா. அன்னிக்கு நீங்க அழிச்ச கமென்ட்டோட ஸ்கிரீன்ஷாட்டும் என்கிட்ட இருக்கு.