மறு: ஐடிலிங் ‘ஹண்டிங்’குக்குத் தமிழ்ச்சொல்: ‘அல்லாட்டம்’ சரிவருமா?

வணக்கம்.

> ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதன் வேகம் ஏறி ஏறி இறங்குவதை ‘வேட்டையாடல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ‘ஹண்டிங்’ என்ற மூலச்சொல்லின் பொருளும் அதுதானே?

ஐயா, இந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேட்டைக்குப் போகிறவனுக்கு இரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இங்கே இலக்கு முன்பே எழுதி வைத்ததுதான்: நிமிடத்துக்கு 850 சுற்று என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் இருக்கிறது. அதைப் பிடிக்கப் போய் இன்ஜின் தாண்டிவிடுகிறது; திரும்பும்போது கீழே நழுவுகிறது. நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவியிலேயே இருந்த கோளாறு இது. வேகம் எப்போது நிலைக்கும், ஆட்டம் எப்போது பெருகும் என்பதை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868-இல் கவர்னர்களைப் பற்றிய கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே நாம் வைக்கும் சொல் காருக்கு மட்டுமல்ல, கவர்னர் உள்ள ஜெனரேட்டருக்கும் பொருந்த வேண்டும்.

‘அலைவு’ இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. ஊசல் ஆடுவதும் அலைவுதான், அது பழுதல்ல. நமக்கு வேண்டியது பழுதின் பெயர். நான் முன்வைப்பது ‘அல்லாட்டம்’.

ஏன் என்று சொல்கிறேன். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றிய டர்போ கார் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமலே சுற்றுகளைக் காட்டும் முள் 900-லிருந்து 1,700-க்கு ஏறும், சட்டென்று விழும், அணையப்போகிறது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவினேன், உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தேன். ஒன்றும் மாறவில்லை. காற்று நுழையும் பாதையான இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தபோதுதான், மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு வேக்குவம் ஹோஸின் அடிப்பக்க வெடிப்பிலிருந்து நூல் போலப் புகை வந்தது. த்ராட்டில் மூடியிருந்தும் அந்த வழியே நுழைந்த காற்று வேகத்தை ஏற்றிவிட்டது. ‘ஓட்டுநர் காலை எடுத்துவிட்டார், ஆனாலும் சுற்று அதிகமாக இருக்கிறது’ என்று கண்ட ஈசியு எரிபொருளை நிறுத்தியது. சுற்று விழுந்ததும் திரும்பக் கொடுத்தது. கசிவு அங்கேயே இருந்ததால் மறுபடி ஏறியது. இன்ஜினும் ஈசியுவும் ஒன்றையொன்று அலைக்கழிக்கும் இந்த நிலைக்குத் தமிழில் அல்லாடுவது என்றுதானே சொல்வோம்?

இதை உதறலோடு குழப்பக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போனால் இன்ஜின் உதறும். பட்டறையில் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்களே, அது. அங்கே பார்க்க வேண்டியவை பிளக், காயில், இன்ஜெக்டர். அல்லாட்டத்தில் சிலிண்டர்கள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டே இருக்கலாம். முதலில் தேட வேண்டியது அளக்கப்படாமல் நுழையும் காற்றை. இரண்டுக்கும் ‘சீரற்ற ஓட்டம்’ என்று ஒரே பெயர் வைத்தால், கேட்பவர் பிளக்கை மாற்றிவிட்டு ஹோஸை விட்டுவிடுவார்.

---

> அல்லாட்டம் பேச்சுவழக்காக ஒலிக்கிறதே. ‘தேடலைவு’ என்றால் இலக்கைத் தேடுவதும் வருகிறது, அலைவும் வருகிறது. பாடநூலுக்கு அதுதானே பொருத்தம்?

அழகாகக் கட்டிய சொல், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வினை இல்லையே, ஐயா. ‘ஐடிலிங் அல்லாடுது’ என்று கார் கொண்டுவருபவர் சொல்லலாம். ‘அல்லாடுவதற்கான காரணங்கள்’ என்று கையேட்டில் எழுதலாம். ‘அல்லாடாத வேகம்’ என்று எதிர்மறையும் எடுக்கலாம். ‘தேடலைகிறது’ என்று ஒருவர் வாயிலும் வராது. வினையாகப் புழங்காத கலைச்சொல் பட்டியலிலேயே தங்கிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். பேச்சுவழக்கு என்பதை நான் அதன் பலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஐடிலிங்குக்கு ‘வெற்றோட்டம்’ என்று முந்தைய மடலில் வந்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரத்தில் இன்ஜின் தன் உராய்வை வெல்கிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, ஏசி போட்டால் கம்ப்ரஸரையும் இழுக்கிறது. வெறுமனே ஓடவில்லை. வண்டி தரித்து நிற்க இன்ஜின் ஓடுவதால் ‘தரிப்போட்டம்’ என்கிறேன். ‘தரிப்போட்டம் அல்லாடுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. பந்தயக் கேம்ஷாஃப்டில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். குறைந்த சுற்றில் எரிந்த வாயு புதுக் கலவையோடு கலந்து, இன்ஜின் விட்டுவிட்டுத் துள்ளும். இது பழுதே இல்லை, அந்தக் கேமின் இயல்பு. இதை அல்லாட்டம் என்று எண்ணித் திருத்தப் போனால் ஆள் அலைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ‘துள்ளோட்டம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அந்தத் தாளம் சொல்லில் வரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?