பிஎஸ்5: டிஸ்க் மாடலா, டிஜிட்டல் எடிஷனா? முடிவெடுக்க உதவுங்கள்

போடிமெட்டு எழுதியது:

வணக்கம். ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்த பணத்தில் அடுத்த மாதம் சோனியின் பிஎஸ்5 ஸ்லிம் கேம் கன்சோல் வாங்குகிறேன். அதில் மாற்றமில்லை. டிஸ்க் டிரைவ் உள்ளதை எடுப்பதா, டிரைவ் இல்லாமல் இணைய ஸ்டோரில் கேமை வாங்கி இறக்கும் டிஜிட்டல் எடிஷனை எடுப்பதா என்பதில்தான் நிற்கிறேன். கடையில் கேட்டதில் இரண்டுக்கும் ஏறத்தாழ 10,000 ரூபாய் வித்தியாசம் சொன்னார்கள். அந்தக் காசுக்குப் புது கேம் இரண்டு வாங்கிவிடலாமே என்று ஒரு மனது சொல்கிறது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் போடி. வீட்டில் 40 எம்பிபிஎஸ் வேக இணைய இணைப்பு. தம்பி பத்தாவது படிக்கிறான், லீவு நாளில் அவனும் விளையாடுவான். வருடத்துக்கு நாலைந்து கேம்தான் என் கணக்கு, எல்லாம் கதை உள்ளவை, ஒருமுறை முடித்ததை மறுபடி தொடுவது குறைவு. ஆன்லைன் கேம் பக்கம் போவதே இல்லை.

என்னுடைய பெரிய பயம், காசு கொடுத்து வாங்கிய கேம் ஒருநாள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுமோ என்பது. அதே நேரம் என் கல்லூரி நண்பன், "டிஸ்க் வாங்கினாலும் முழு கேமையும் கன்சோலில் ஏற்றத்தானே வேண்டும், அப்புறம் டிஸ்க் எதற்கு" என்று கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் வைத்திருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரிச்சிதெரு ரசிகன் எழுதியது:

டிஸ்க் மாடலையே எடுங்கள் ப்ரோ. முடித்த கேமை மறுபடி தொடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்று போதும்.

என் கணக்கைச் சொல்கிறேன். சோனியே வெளியிடும் பெரிய பிஎஸ்5 கேம்கள் பலவும் இங்கே 4,999 ரூபாய்க்கு வந்திருக்கின்றன. நான் வெளியான வாரமே டிஸ்க்காக வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, விலை இறங்குவதற்குள் விற்றுவிடுவேன். போன முறை விற்றது 3,600க்குப் போனது, ஆக அந்த கேமுக்கு எனக்கு ஆன செலவு 1,400 ரூபாய்தான். ஸ்டோரில் வாங்கியிருந்தால் முழுக் காசும் போனது போனதுதான், யாருக்கும் விற்க முடியாது. வருடத்துக்கு நாலு கேம் இப்படிக் கைமாற்றினால் நீங்கள் சொல்லும் 10,000 ரூபாய் முதல் வருடத்திலேயே திரும்ப வந்துவிடும். எல்லா கேமுக்கும் இந்த விலை கிடைக்காது, வருடா வருடம் வரும் கால்பந்து கேம்கள் அடுத்தது வந்ததும் அடிமாட்டு விலைக்குப் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. டிஸ்க்கிலிருந்து படிக்கும் வேகம் இந்தக் கால கேமுக்குப் போதாது, அதனால்தான் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்துக்கு ஏற்றுகிறார்கள். ஆனால் அந்த டேட்டா எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். உங்கள் 40 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு நொடிகூடத் தடங்காமல் ஓடினாலே 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும், வீட்டில் இன்னொருவர் வீடியோ பார்த்தால் அதுவும் போச்சு. டிஸ்க்கிலிருந்து ஏற்றினால் பெரும்பாலான கேம்களுக்கு இணையமே தேவையில்லை, அப்புறம் வரும் பேட்ச் (திருத்தக் கோப்பு) மட்டும் இறங்கினால் போதும்.

இன்னொன்று, விளையாடும் அனுமதி அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. உங்கள் பெயரில் இல்லை, யார் கையில் டிஸ்க் இருக்கிறதோ அவர் விளையாடலாம். 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் அறிவிப்பின்போது மைக்ரோசாப்ட் இதைத்தான் மாற்றப் பார்த்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் இணையத்தோடு பேசியே ஆக வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கட்டுப்பாடு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் அந்த வருட ஜூன் மாதமே வாபஸ் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு அத்தனை பேர் சத்தம் போட்டிருக்காவிட்டால் இன்று செகண்ட் ஹேண்ட் சந்தை என்று ஒன்றே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய டிஸ்க் வாங்கும்போது நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கீறலை விடுங்கள், ப்ளூ-ரே மேல்பூச்சு தாங்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் டிஎல்சி (கேமுக்கான கூடுதல் பகுதிகள்) கோடு இருந்தால் முதலில் வாங்கியவர் அதை எடுத்திருப்பார், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

நைட்ஷிப்ட் எழுதியது:

நான் டிஜிட்டல் பக்கம். கோவையில் நர்ஸாக இருக்கிறேன், ஹாஸ்டல் அறை, ஒரே ஒரு அலமாரி. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து டிஸ்க்கைத் தேடி மாற்றிப் போட எனக்குத் தெம்பு கிடையாது. எந்த கேம் வேண்டுமோ அதை அழுத்தினால் திறக்க வேண்டும்.

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சென்னையில் இருப்பவருக்குச் சரி. போடியில் 3,600 கொடுத்து வாங்க ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் கூரியர், தெரியாத ஆளிடம் பேரம், பணம் வருமா வராதா என்ற கவலை. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நான் எந்த கேமையும் வெளியானதும் வாங்குவதில்லை. விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு ஒரு வருடம் காத்திருந்தால் ஸ்டோர் சேலில் பாதி விலைக்கும் கீழே வந்துவிடுகிறது. அதே மாதிரி பொறுமை உள்ளவருக்கு டிஜிட்டலில் நஷ்டம் அதிகம் இல்லை.

டிஸ்க்கில் நடக்காத ஒன்று இதில் நடக்கும். பெங்களூரில் இருக்கும் என் தம்பியும் பிஎஸ்5 வைத்திருக்கிறான். அவன் கன்சோலில் என் கணக்கைச் சேர்த்து, பகிர்தலை அங்கே இயக்கி வைத்திருக்கிறேன். நான் வாங்கிய கேமை அவன் தன் கணக்கில் விளையாடுகிறான், அதே நேரத்தில் நான் இங்கே என் கணக்கில் விளையாடுகிறேன். ஒரு டிஸ்க்கை ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் போட முடியும். பகிர்தலை அவன் பக்கம் கொடுத்துவிட்டதால் என் கன்சோல் இணையத்தில் இருந்தாக வேண்டும், அது ஒன்றுதான் குறை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் இல்லை. டிஜிட்டலில் நாம் வாங்குவது உரிமம்தான், கேமே நமக்குச் சொந்தம் ஆகாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் ஸ்டோர் மூடுவதும் வாங்கியது போய்விடுவதும் ஒன்றில்லை. நின்டென்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் ஸ்டோர்களில் 2023 மார்ச் 27ஆம் தேதியோடு புதிதாக வாங்குவது நின்றது, ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் அப்புறமும் இறக்கிக்கொள்ள முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரை 2024 ஜூலையில் மூடியபோதும் இதே ஏற்பாடுதான்.

ஸ்டோரைவிடக் கணக்கைத்தான் பத்திரமாகப் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் கேம் கணக்கு ஒன்றில் யாரோ நுழைந்து மின்னஞ்சலையே மாற்றிவிட்டார்கள். மீட்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வாங்கிய எதையும் தொட முடியவில்லை, ராத்திரி தூக்கமே வரவில்லை. கடைசியில் என்னைக் காப்பாற்றியது முதன்முதலில் வாங்கிய கேமின் ரசீது மெயில்தான். எந்தக் கன்சோல் வாங்கினாலும் அன்றைக்கே இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், ரசீதுகளைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

பனிக்காலம் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதையும் வாசித்தேன். நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது டொரண்டோவில். இங்கே பொது நூலகத்தில் புத்தகம் மாதிரியே கேம் டிஸ்க்கையும் இரவல் தருகிறார்கள், என் மகன் பாதி கேம்களை அப்படித்தான் விளையாடி முடித்தான். அதனால் எனக்கு டிஸ்க் என்றால் முதலில் விற்பனை ஞாபகம் வராது, இரவல்தான் ஞாபகம் வரும். ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிறதே, அது போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆனால் டிஸ்க் இருந்தாலே கேம் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். யூபிசாஃப்ட்டின் "தி க்ரூ" 2014இல் டிஸ்க்காகவும் வந்த கார் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்று செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு அலமாரியில் இருந்த டிஸ்க்கும் வெறும் தட்டாகிவிட்டது. அதிலிருந்துதான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஆகவே டிஸ்க்கா டிஜிட்டலா என்று கேட்பதற்கு முன், இந்த கேம் இணையம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். நீங்கள் விளையாடுவது கதை கேம்கள் என்பதால் பெரும்பாலும் தப்பித்தீர்கள்.

அடுத்தது, பெட்டி இருந்தும் உள்ளே கேம் இல்லாத நிலை. 2025 ஜூனில் வந்த நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்குப் பல கேம்கள் கேம்-கீ கார்டாக விற்கப்படுகின்றன. கார்ட்ரிட்ஜ் (டிஸ்க்குக்குப் பதிலாகச் செருகும் சிறு அட்டை) இருக்கும், ஆனால் அதில் கேம் இருக்காது. செருகினால் முழுவதையும் இணையத்தில் இறக்கச் சொல்லும், விளையாடும்போதும் கார்டு உள்ளேயே இருக்க வேண்டும். விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அது சரி. ஆனால் இருபது வருடம் கழித்து இறக்குவதற்கு சர்வர் இருக்குமா? அதே ஸ்விட்ச் 2இல் சைபர்பங்க் 2077 என்ற கேமை 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுதாகக் கொடுத்தார்கள், மனது வைத்தால் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. கேம்-கீ கார்டு என்றால் பெட்டியின் முன்பக்கம் அடியில் எழுதியிருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம், நான் சிறுவயதில் விளையாடியவற்றை மகனுக்குக் காட்டத் தேடியபோது பலவும் எங்கேயும் விற்பனையில் இல்லை. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் எடுத்த கணக்கில், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை. மிஞ்சியிருப்பவற்றில் நிறைய யாரோ ஒருவர் டிஸ்க்கையும் கார்ட்ரிட்ஜையும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் மிஞ்சியவை.

ஸ்லிம் மாடலில் டிரைவைக் கழற்றி மாட்டலாம், டிஜிட்டலை வாங்கிவிட்டுப் பிறகு டிரைவைச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் 2023இல் ஸ்லிம் வந்தபோது அமெரிக்க விலையில் இரண்டு மாடலுக்கும் வித்தியாசம் 50 டாலர், டிரைவைத் தனியாக வாங்கினால் 80 டாலர். முதல் தடவை மாட்டும்போது இணையமும் வேண்டும். பிறகு தேவைப்படும் என்று இப்போதே தோன்றினால் சேர்த்தே வாங்குவது நல்லது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன் தம்பி, பழைய பிஎஸ்4 டிஸ்க் ஏதாவது இருக்கிறதா?

போடிமெட்டு எழுதியது:

அண்ணா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் இல்லை, ஆனால் மதுரையில் மாமா பையன் பிஎஸ்4 வைத்திருந்தான், அது பழுதாகி ஒரு வருடம் ஆகிறது. இப்போதுதான் போன் செய்து கேட்டேன், 14 டிஸ்க் இருக்கிறதாம், மொத்தமாக எடுத்துக்கொள் என்கிறான். அதில் நான் ரொம்ப நாளாக விளையாட நினைத்தவையே ஆறு. நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா வாங்கிக் கொடுத்ததும் மூன்று உண்டாம். இவை எல்லாம் பிஎஸ்5இல் ஓடுமா?

நைட்ஷிப்ட் எழுதியது:

அப்படியென்றால் பேச்சே இல்லை, டிஸ்க் மாடல்தான். 14 கேம் சும்மா வருகிறது, டிஜிட்டல் எடிஷனில் அதில் ஒன்றைக்கூடப் போட முடியாது. சேலில் வருவதை ஸ்டோரிலும் வாங்கிக்கொள்ளலாம், டிரைவ் இருப்பதால் அந்த வழி அடைபடாது. தம்பிக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள், உங்கள் சேவ் ஃபைலைத் தெரியாமல் அழித்துவிடப் போகிறான்.

ரிச்சிதெரு ரசிகன் எழுதியது:

ஓடும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில கேம்களைத் தவிர பிஎஸ்4 கேம்கள் எல்லாம் பிஎஸ்5இல் ஓடும். சில கேம்களில் பிஎஸ்4 டிஸ்க் போட்டால் பிஎஸ்5 பதிப்பையே இலவசமாகவோ சிறு தொகைக்கோ தருகிறார்கள், ஒவ்வொன்றையும் ஸ்டோரில் தேடிப் பாருங்கள். அதைப் பயன்படுத்த டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், ஆகவே அந்த டிஸ்க்குகளை விற்றுவிடாதீர்கள்.

சித்தப்பா கொடுத்த மூன்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அமெரிக்க டிஸ்க் நம்மூர்க் கன்சோலில் ஓடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் டிஎல்சி அப்படியில்லை, டிஸ்க் எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ அந்தப் பகுதி ஸ்டோரில் வாங்கியதைத்தான் ஏற்கும். இந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சி அமெரிக்க டிஸ்க்கோடு சேராது, காசு வீண். பெட்டியின் முன்பக்கம் வயது முத்திரையைப் பாருங்கள், ஈஎஸ்ஆர்பி என்று இருந்தால் அமெரிக்கப் பதிப்பு.

போடிமெட்டு எழுதியது:

ரொம்ப நன்றி, மூன்று பேருக்கும். டிஸ்க் மாடல் என்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறுகிறேன், டிஸ்க்குகளை எடுத்து வந்ததும் எது எது எந்தப் பதிப்பு என்று இங்கேயே எழுதுகிறேன். அந்த மூன்றில் ஒன்றுக்கு டிஎல்சி வாங்க நேற்றே கார்டைக் கையில் எடுத்திருந்தேன், நல்லவேளை நிறுத்தினேன்.