ஜெர்மனி பிளாக்டு அக்கவுண்ட்: 25 யூரோ குறையுது, சான்று வரல. உதவுங்க

தறிக்காரர் பொண்ணு (ஈரோடு):
வர்ற 2025 அக்டோபர்ல ஸ்டுட்கார்ட்ல மாஸ்டர்ஸ் சேரணும். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட்ல (ஒரு வருஷச் செலவுப் பணத்தை முன்னாடியே போட்டு, மாசாமாசம் கொஞ்சம் எடுக்கற கணக்கு) 11,904 யூரோ போடணும்னாங்க. அப்பா பேங்க்ல அதே தொகையை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார். போய்ச் சேர்ந்தது 11,879. முழுத்தொகை இல்லாம, பணம் போட்டதுக்கான சான்று தர மாட்டோம்னு மெயில் வந்திருக்கு. விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் 9 நாள்தான். பேங்க்ல கேட்டா "நாங்க முழுசா அனுப்பிட்டோம்"ங்கறாங்க.

இன்னொண்ணு. இது அம்மா நகையை அடகு வச்சு எடுத்த பணம். 2025 ஏப்ரல்ல இருந்து கடன் பணத்துக்கு டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பேங்க் முன்கூட்டியே பிடிக்கிற வரி) இல்லைன்னாங்களே? 9,520 ரூபாய் பிடிச்சிருக்காங்க.

கரன்சி கணேசன்:
பேங்க் சொல்றதும் பொய் இல்லம்மா. இங்கேயிருந்து போற யூரோ நேரா அந்த அக்கவுண்ட்டுக்குப் போகாது, நடுவுல வேற பேங்க் வழியா போகும். அது தன் கூலியை வர்ற பணத்துலயே கழிச்சுக்கும். ஸ்விஃப்ட் காப்பி (பணம் அனுப்பினப்ப பேங்க் போட்ட செய்தியோட நகல்) கேட்டு வாங்கி, 71ஏ-ங்கற வரியில என்ன இருக்குன்னு பாரு.

தறிக்காரர் பொண்ணு:
எஸ்எச்ஏ-ன்னு இருக்கு அண்ணா.

கரன்சி கணேசன்:
அதேதான். ஷேர். இந்தப் பக்கச் செலவு மட்டும் அப்பாவோடது, வழிச்செலவு பணத்துலயே போயிடும். ஓயுஆர் போட்டிருந்தா எல்லாச் செலவையும் அனுப்புறவரே கட்டியிருப்பார். ஃபார்ம்ல ஒரு சின்ன கட்டம்தான், கவுன்ட்டர்ல யாரும் கேக்கறதில்லை. கேட்காம விட்டா பெரும்பாலும் ஷேர்தான் விழும்.

ஸ்டுட்கார்ட்வாசி:
எனக்கும் இதே கதை. அனுப்பின பணத்தைத் திருப்பி வாங்கப் போகாதே, வாரக்கணக்குல இழுக்கும். மீதியை மட்டும் இன்னொரு தடவை அனுப்பு. ஆனா 25-ன்னு அளந்து அனுப்பாதே, அதுலயும் யாராவது கை வச்சா மறுபடி முதல்லேருந்து. நான் 60 அனுப்பினேன். கூடுதலா போனது முதல் மாச 992 யூரோவோட சேர்ந்து கைக்கு வந்துடுச்சு. பழைய ரெஃபரன்ஸ் நம்பரையே போடு. அது இல்லைன்னா பணம் யாருதுன்னு தெரியாம அங்க கிடக்கும்.

ஆடிட்டர் வீட்டு மாப்பிள்ளை:
டிசிஎஸ் பிடிச்சது சரிதான். விலக்கு கல்விக்கடனுக்கு மட்டும், அதுவும் வருமானவரி 80இ பிரிவுல சொல்ற நிதி நிறுவனம் கொடுத்த கடனா இருக்கணும். நகைக்கடன் சட்டத்தோட கண்ணுல சொந்தப் பணம் மாதிரிதான். சொந்தப் பணம்னா இந்த 2025-26 நிதியாண்டுல ஒரு பான் கார்டுக்கு 10 லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்லை, படிப்புக்குன்னு அனுப்பினா அதுக்கு மேல 5%. யூரோவை 100 ரூபாய்க்குப் போட்டிருப்பாங்க போல? 11,90,400-ல மேல நிக்கிறது 1,90,400. அதுல 5% கணக்கா 9,520.

பணம் எங்கேயும் போகல. அப்பாவோட 26ஏஎஸ்ல (பேர்ல பிடிச்ச வரியைக் காட்டுற வருமானவரிப் பட்டியல்) ஏறும், அடுத்த வருஷம் ரிட்டர்ன் போடும்போது வரியில கழியும், வரி இல்லைன்னா திரும்பி வரும். அதுவரைக்கும் நகைக்கடன் வட்டி ஓடறதுதான் வயித்தெரிச்சல். அந்த 1.9 லட்சத்தை அம்மா பான்ல அனுப்பியிருந்தா இந்தப் பேச்சே இல்லை.

ஸ்டுட்கார்ட்வாசி:
ஒண்ணு விட்டுப் போச்சு. ஜெர்மனியில அரசுப் பல்கலைக்கழகத்துல ஃபீஸ் இல்லைன்னு பொத்தாம் பொதுவா சொல்வாங்க. ஸ்டுட்கார்ட் இருக்கற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேருந்து வர்றவங்களுக்கு 2017 குளிர்கால செமஸ்டர்ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. செமஸ்டர் பங்களிப்பு தனி. இது பிளாக்டு பணத்துல சேராது, அட்மிஷன் லெட்டரைப் படிச்சுப் பாரு.

தறிக்காரர் பொண்ணு:
படிச்சேன், இருக்கு. கடைசிப் பக்கத்துல. 😐

தறிக்காரர் பொண்ணு (6 நாள் கழிச்சு):
60 யூரோ, ஓயுஆர், பழைய ரெஃபரன்ஸ் நம்பர். மூணாவது நாள் முழுசா ஏறிடுச்சு, நேத்து சாயங்காலம் சான்று வந்துடுச்சு. 60 யூரோ அனுப்ப பேங்க் சார்ஜ் மட்டும் 1,180 ரூபாய், அது போக மறுபடி 5% டிசிஎஸ். அந்த 1,500 யூரோ ஃபீஸை அம்மா பான்ல போடப் போறோம், ஃபார்ம்ல ஓயுஆர் கட்டத்தை இந்தத் தடவை அப்பாவே டிக் பண்றேன்னு சொல்லியிருக்கார்.