ரேடியோதெரபி, நியூக்கிளியர் மெடிசின் போஸ்டிங்: முதல் வாரத்தில் எதைப் பிடித்துக்கொள்வது?

தோட்டத்துப்பிள்ளை, குளுவாங்

வணக்கம். டிப்ளோமா ரேடியோகிராஃபி படிக்கிறேன். இதுவரை பொது எக்ஸ்ரே, சிடி போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) மட்டும்தான் முடிந்திருக்கிறது. அடுத்தது ரேடியோதெரபி (கதிரால் புற்றுநோய்ச் சிகிச்சை) நான்கு வாரம், பிறகு நியூக்கிளியர் மெடிசின் (கதிர்மருந்தை உடலுக்குள் செலுத்திப் படமெடுப்பது) நான்கு வாரம், இரண்டும் மலேசியாவின் ஜோகூர் பாருவில். லாக்புக்கில் "கவனித்தேன், உதவியோடு செய்தேன், மேற்பார்வையில் செய்தேன்" என்று மூன்று கட்டம் இருக்கிறது. சீனியர்கள் பலர் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பினார்களாம். மாணவர் கையால் உண்மையில் என்னென்ன செய்யலாம்? எங்கே தப்பு நடக்கிறது? எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பாட்டி தாத்தாக்களுக்குத் தமிழில் என்ன சொல்லிப் புரிய வைக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

லைனாக்_அறை2

தங்கச்சி, எக்ஸ்ரே படம் சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம். ரேடியோதெரபியில் கொடுத்த டோஸை (கதிர் அளவை) திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் பொத்தானுக்கு முன்னால் நடப்பதில்தான் உங்கள் நான்கு வாரமும் போக வேண்டும்.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே போய் நில்லுங்கள். மெஷினைச் சூடேற்றித் தினசரிச் சோதனை செய்வார்கள். அவுட்புட் (வெளிவரும் கதிர் அளவு) குறித்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நோயாளியை நேராக்கும் லேசரும் தூரங்காட்டியும் 2 மி.மீ.க்குள், ஐஎம்ஆர்டி (கதிரின் அளவை இடத்துக்கிடம் மாற்றிக் கொடுக்கும் முறை) செய்யும் மெஷின் என்றால் லேசருக்கு 1.5 மி.மீ. கதவைத் திறந்ததும் கதிர் நிற்கிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கிறதா என்பதும் அதில் சேரும். லேசர் 3 மி.மீ. தள்ளியிருந்தால் அன்றைக்கு அதை நம்பிப் படுக்க வைக்கும் எல்லோரும் 3 மி.மீ. தள்ளியே படுப்பார்கள். இந்தச் சோதனையை மேற்பார்வையில் நீங்களே செய்து, எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

அடுத்தது படுக்க வைப்பது. உடம்பில் பச்சை குத்திய மூன்று புள்ளி இருக்கும்: முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முன்புள்ளி லேசர் கோட்டில் விழுந்து, ஒரு பக்கப் புள்ளி மேலேயும் மற்றது கீழேயும் நின்றால் நோயாளி உருண்டிருக்கிறார். புதியவர்கள் தோலைப் பிடித்து இழுத்துப் புள்ளியைக் கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். தோல் மட்டும் நகரும், உள்ளே இருக்கும் எலும்பு அப்படியே இருக்கும். அடியில் விரித்த துணியைப் பிடித்து இடுப்பையே உருட்டுங்கள். முழங்கால் தாங்கி முன்பு இருந்த அதே எண்ணில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் உருளுவதற்குக் காரணம் அதுதான்.

புள்ளியிலிருந்து ஐசோசென்டருக்கு (கதிர்கள் சந்திக்கும் மையத்துக்கு) மேசையை நகர்த்தும் இடத்தில் திசை மாறிப்போவது பெரிய ஆபத்து. தலை கேன்ட்ரி (மெஷினின் சுழலும் பகுதி) பக்கமா கால் கேன்ட்ரிப் பக்கமா, மல்லாந்தா குப்புறவா என்பதைப் பொறுத்து இடம் வலம் மாறும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையையும் மேசையையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக நிற்கப் பழகுங்கள். நகர்த்திய பிறகு எஸ்எஸ்டியை (கதிர் மூலத்திலிருந்து தோல் வரையான தூரத்தை) சிகிச்சைப் பிளானோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

சிபிசிடி (சிகிச்சை மெஷினிலேயே எடுக்கும் சிடி) படத்தை மெஷின் தானாகப் பொருத்தும்போது முதுகெலும்பில் ஒரு கட்டை தள்ளிப் பொருத்திவிடக்கூடும். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உருவம் அவ்வளவு ஒத்திருக்கும். விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ பிடித்து எண்ணிச் சரிபாருங்கள். எலும்பு பொருந்தியதும் நிறுத்தாதீர்கள். புரோஸ்டேட் என்றால் சிறுநீர்ப்பை பிளானில் இருந்த அளவு நிறைந்திருக்கிறதா, மலக்குடலில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பை பாதிதான் நிறைந்திருந்தால் குடல் கீழே இறங்கிக் கதிருக்குள் வந்துவிடும்.

கழுத்துப் புற்றுநோய்க்கான முகமூடித் தகட்டை 70 டிகிரி பக்கம் இருக்கும் வெந்நீரில் போட்டு மென்மையாக்குவார்கள். சூடான தண்ணீரைத் துடைத்து, கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் இழுக்க வேண்டும். முகத்திலேயே நன்றாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுக் கழற்றினால் சுருங்கி, அடுத்த நாள் இறுக்கும். வாரங்கள் போகப் போக நோயாளி இளைப்பார், தாடைக்குக் கீழே இடைவெளி விழும். அதை முதலில் கண்ணில் பார்ப்பவர் முகமூடியைப் பூட்டும் ஆள்தான். பார்த்ததை உடனே சொல்லுங்கள்.

ஹாட்லேப்_காலை

ரேடியோதெரபியில் சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். எங்கள் நியூக்கிளியர் மெடிசின் பக்கம் ஊசி போட்ட நிமிஷத்திலிருந்து நோயாளியே கதிர் மூலம். இந்த ஒரு வித்தியாசம் உங்கள் பழக்கத்தையே மாற்ற வேண்டும். பெயர், அடையாள எண், கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, எங்கே வலி, எப்போது திரும்பி வர வேண்டும் என்று பேச வேண்டியது எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே பேசி முடியுங்கள். பிறகு பக்கத்தில் நின்று கதை கேட்பது உங்கள் டோஸ் கணக்கில்தான் ஏறும்.

கணக்கு கையில் வர வேண்டும். ஊசியில் போகும் கதிர்ப்பொருளான டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 6 மணி நேரம். காலை 7 மணிக்கு 5 மில்லியில் 100 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) இருக்கிறது என்று வையுங்கள். 11 மணிக்கு எலும்பு ஸ்கேனுக்கு 20 வேண்டும். நான்கு மணி நேரத்தில் மிஞ்சுவது 63, அதாவது ஒரு மில்லிக்கு 12.6. எனவே 1.6 மில்லி உறிஞ்ச வேண்டும். காலைக் கணக்கையே நம்பி 1 மில்லி எடுத்தால் 12.6தான் போகும். உறிஞ்சியதை டோஸ் கேலிபிரேட்டரில் (கதிரியக்கத்தை அளக்கும் கருவியில்) அளந்தால் தவறு அங்கேயே பிடிபடும். ஊசி போட்ட பிறகு காலிச் சிரிஞ்சையும் அளந்து கழிக்க மறக்காதீர்கள்.

டெக்னீசியம் கறக்கும் கருவியான ஜெனரேட்டரில் இருக்கும் மாலிப்டினம்-99-இன் அரை ஆயுள் 66 மணி நேரம். திங்கட்கிழமை இருந்ததில் வெள்ளிக்கிழமை 37 சதவீதம் பக்கம்தான் இருக்கும். வார அட்டவணை ஏன் அப்படிப் போட்டிருக்கிறது என்பது இதில் புரிந்துவிடும். கறந்த திரவத்தில் மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்று ஈயக் குடுவையில் வைத்துப் பார்ப்பார்கள். டெக்னீசியத்தின் 140 கேஇவி (கதிரின் ஆற்றல் அளவு) கதிரை ஈயம் தடுத்துவிடும், மாலிப்டினத்தின் 740 ஊடுருவி வரும். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை, அதுவும் ஊசி போடும் நேரத்தில். டெக்னீசியம் சீக்கிரம் கரையும், மாலிப்டினம் மெதுவாகக் கரையும்; அதனால் விகிதம் ஏறிக்கொண்டே போகும். காலையில் 0.08 என்றால் ஆறு மணி நேரத்தில் 0.15-ஐத் தொட்டுவிடும். "காலையில் பாஸ்" என்று மாலை ஊசிக்கு எடுத்துவிடக் கூடாது.

எலும்பு ஸ்கேன் படத்தில் தப்பு தெரிந்தால் முதலில் நோயைத் தேடாதீர்கள். இடுப்புப் பக்கம் கரும்புள்ளியா? சிறுநீர்த் துளி சாரோங்கிலோ தோலிலோ பட்டிருக்கலாம். துடைத்து, துணி மாற்றி மறுபடி எடுங்கள். அக்குளில் முடிச்சு தெரிகிறதா? அந்தக் கையில் ஊசி ரத்தக் குழாயை விட்டு வெளியே போயிருக்கலாம். அதனால்தான் எந்தக் கை என்று எழுதச் சொல்கிறார்கள். தைராய்டும் இரைப்பையும் சேர்ந்து தெரிந்தால் மருந்தோடு ஒட்டாத டெக்னீசியம் திரிகிறது. குப்பிக்குள் காற்று ஏற்றிவிட்டால் இது நடக்கும். சிரிஞ்சிலிருந்து குப்பிக்குள் காற்றைத் தள்ளிவிட்டு உறிஞ்சும் கைப்பழக்கத்தை இங்கே விட வேண்டும்.

தோட்டத்துப்பிள்ளை, குளுவாங்

மிக்க நன்றி. நியூக்கிளியரில் எந்நேரமும் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டால் பாதுகாப்பா? அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பிசிக்ஸ்_மேசை

டெக்னீசியத்துக்கு 0.3 மி.மீ. ஈயமே கதிரைப் பாதியாக்கும், எனவே 0.5 மி.மீ. ஏப்ரன் உதவும். பெட் ஸ்கேனின் (கதிர் சேர்த்த சர்க்கரையை ஊசியில் போட்டு எடுக்கும் படத்தின்) 511 கேஇவிக்குப் பாதியாக்க 4 முதல் 5 மி.மீ. வேண்டும். அங்கே ஏப்ரன் பாரம்தான். உடல் கனத்து வேலை மெதுவானால் டோஸ் கூடும். தூரமும் வேகமும் டங்ஸ்டன் சிரிஞ்ச் கவசமும்தான் காப்பாற்றும். முதலில் வெறும் உப்புநீரை வைத்துக் கவசத்தோடு ஊசி பிடிக்கப் பழகுங்கள்.

உங்கள் டோஸை அளக்கும் பேட்ஜை நெஞ்சில் மாட்டுங்கள், அதே வேலைக்கான விரல் மோதிரத்தைக் கையுறைக்கு உள்ளே உள்ளங்கைப் பக்கம் பார்க்கப் போடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் பேட்ஜை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வந்த 2010 விதிமுறைப்படி பணியாளர் எல்லை ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அதை அம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் மாத ரீடிங்கையும் கேட்டு வாங்கிக் காட்டுங்கள்.

செம்பனை_ரோடு

தோட்டத்து நோயாளிகள் பற்றி யாரும் சொல்லவில்லை, அதற்காக எழுதுகிறேன். குளுவாங்கிலிருந்து ஜேபி (ஜோகூர் பாரு) 100 கிலோமீட்டருக்கு மேல். சிறுநீர்ப்பை நிறைய வேண்டியவரிடம் "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றால் வேனிலேயே குடித்துவிட்டு வழியில் இறங்கிப் போய்விடுவார். "இங்க வந்து பேர் கொடுத்ததும் கழிவறைக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் நாங்க சொல்லும்போது குடிங்க" என்று சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்பதை அந்தந்த இடத்து நெறிப்படி காட்டுங்கள், பாட்டிலில் கோடு போட்டே கொடுக்கலாம்.

பெட் ஸ்கேனுக்கு "சாப்பிடாமல் வாங்க" என்றால் தே தாரே (பால் டீ) சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று பலர் நினைப்பார்கள். "வெறும் தண்ணி மட்டும், பால், சீனி, மிட்டாய், வெத்திலை எதுவும் கூடாது" என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். முந்தின நாள் செம்பனைக் குலை வெட்டினாரா, பால்மரம் (ரப்பர்) வெட்டினாரா என்றும் கேளுங்கள். தோளும் முன்கையும் ஊசியில் போட்ட கதிர்ச் சர்க்கரையை இழுத்துப் படத்தில் பளிச்சென்று தெரியும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின் பற்றி நீங்களாகச் சொல்லாதீர்கள், டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தாலி விஷயத்தில் அவசரம் வேண்டாம். எலும்பு ஸ்கேனில் உலோகம் வெற்றிடமாக விழும், முகமூடிக்குள் கயிறு கூட மேடு தட்டும். கழற்ற வேண்டியிருந்தால் சிமுலேஷன் (சிகிச்சைக்கு முன் அளவெடுக்கும்) நாளுக்கு முன்பே, தனியாக, ஒரு பெண் பணியாளரை வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் பேசி முடிவெடுத்து வர நேரம் கிடைக்கும்.

கடைசியாக, ரேடியோதெரபிக்கு உடம்பில் மையில் போட்ட கோடுகள். மஞ்சள் தேய்த்துக் குளித்தாலோ எண்ணெய் பூசினாலோ அழியும். அழிந்தால் திட்டுவார்கள் என்று பயந்து, பேரப்பிள்ளையின் மார்க்கர் பேனாவால் வீட்டிலேயே திருத்திக்கொண்டு வருபவர்கள் உண்டு. கோடு ஒரு விரல் தள்ளிப்போயிருக்கும். "அழிஞ்சா அழியட்டும் பாட்டி, அப்படியே வாங்க, நாங்க பார்த்துப் போடுறோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.