தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது, தினமும் மாற்றியும் போகவில்லை, அவசர உதவி

மூடுபனி88:
நண்பர்களே, அவசரம். மீன் தொட்டித் தண்ணீர் முழுக்கப் பச்சை. மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன், மறுநாள் இன்னும் பச்சை. கடையில் கொடுத்த நீல மருந்தும் ஊற்றிப் பார்த்தாயிற்று. வரும் ஞாயிறு அக்கா குழந்தைக்குப் பெயர் வைக்கும் விசேஷம், சொந்தபந்தம் எல்லாம் வருகிறார்கள். தொட்டி கூடத்திலேயே இருக்கிறது. ஏதாவது வழி சொல்லுங்கள்.

தொட்டிக்கட்டை:
எத்தனை லிட்டர்? என்ன மீன், எத்தனை? என்ன ஃபில்டர்? தொட்டி வைத்து எவ்வளவு நாளாகிறது? பச்சை தண்ணீரிலா, கண்ணாடியிலா? ஒரு வெள்ளை டம்ளரில் தண்ணீரை மொண்டு பாருங்கள். டம்ளரிலும் பச்சை தெரிந்தால் மிதக்கும் பாசி. தெளிவாக இருந்தால் கண்ணாடியில் ஒட்டிய பாசி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வெயில்விரோதி:
எதையும் கேட்க வேண்டாம். தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது, நான் பந்தயம் கட்டுகிறேன். பாசிக்குச் சாப்பாடு வெளிச்சம்தான். கருப்புப் போர்வையால் நாலு பக்கமும் மூடி 4 நாள் விடுங்கள். விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும், பாசி சாகும்போது ஆக்சிஜனைத் தின்னும். அதற்கப்புறம் விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

சக்கர்மணி:
ஒரு டேங்க் கிளீனர் மீன் வாங்கி விடுங்கள். முடிந்தது.

அக்வா_ஆசான்:
இந்தக் கேள்வி இங்கே வாராவாரம் வருகிறது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. நைட்ரஜன் சுழற்சி என்று ஒன்று உண்டு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா, அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். அந்த நைட்ரேட்டைத் தின்றுதான் பாசி வளரும். அதை வெளியேற்ற ஒரே வழி தண்ணீர் மாற்றுவது. பச்சை போகவில்லை என்றால் நீங்கள் போதிய அளவு மாற்றவில்லை. இதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை.

மூடுபனி88:
4 கோல்ட் ஃபிஷ். பெரிய தொட்டி. ஸ்பாஞ்ச் ஃபில்டர். டம்ளரிலும் பச்சைதான். ஜன்னல் எதிரே இருக்கிறது, ஆனால் இங்கே வெயிலே கிடையாது, மலையில் இருக்கிறோம்.

தொட்டிக்கட்டை:
பெரிய தொட்டி என்றால் எவ்வளவு? நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர்.

குன்னூர்அக்கா:
எந்த மலை தம்பி? ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா? நான் குன்னூர். குளிருக்கு கோல்ட் ஃபிஷ் நல்ல தேர்வு, அதற்கு ஹீட்டரே தேவையில்லை. சக்கர்மணி சொன்னதைக் கேட்டுவிடாதீர்கள். அது வெப்பநாட்டு மீன், எங்கள் ஊர் டிசம்பர் இரவைத் தாங்காது. தாங்கினாலும் ஒரு அடிக்கு மேல் வளரும். தண்ணீரில் மிதக்கும் பாசியை அது தொடவும் தொடாது. சாப்பிட்டுப் போடும் கழிவுதான் மிச்சம்.

சக்கர்மணி:
என் தொட்டியில் தின்கிறதே.

குன்னூர்அக்கா:
கண்ணாடியில் ஒட்டியதைத் தின்னும். இவருடைய பாசி எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

ஏரிக்கரை:
நான் கொடைக்கானல். மலையில் எல்லாத் தொட்டிப் பிரச்சனைக்கும் மூலம் ஆக்சிஜன்தான், யாரும் இதைப் பேசுவதில்லை. மேட்டுப்பாளையத்தில் கட்டிய மீன் கவர் குன்னூர் வருவதற்குள் பந்தாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். இரண்டு ஏர் பம்ப் போடுங்கள்.

தொட்டிக்கட்டை:
கணக்கு சரி, ஆனால் குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். மலையில் இழப்பதில் பெரும்பகுதி குளிரில் திரும்பி வந்துவிடுகிறது. குளிரால் வரும் தொல்லை வேறு: ஃபில்டர் பாக்டீரியாவுக்கு 25 டிகிரிக்கு மேல்தான் கொண்டாட்டம், 10 டிகிரிக்குப் போனால் மந்தமாகிவிடும். குளிர்காலத்தில் தீனியைக் குறைக்கச் சொல்வது அதனால்தான். அந்த நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருந்தால் அது பூஞ்சைக்கு, பாசிக்கு அல்ல. ஃபில்டர் பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

தோட்டத்துதம்பி:
அண்ணா, உருளைக்கிழங்குக்கு அடிக்க எங்கள் வீட்டில் மயில்துத்தம் எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் பாசி ஒரே நாளில் காலி. மாமா பண்ணைக்குட்டையில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

குன்னூர்அக்கா:
தயவுசெய்து வேண்டாம்!! மயில்துத்தம் செம்பு. நம் மலைத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்தே இருக்காது. கடினத் தண்ணீரில் மீன் தாங்கும் அளவு செம்பு, மென்மையான தண்ணீரில் கொன்றுவிடும். பாசிக்கு முன்னால் மீன் மிதக்கும். படிகாரமும் வேண்டாம். ஏற்கெனவே தாங்குசக்தி இல்லாத தண்ணீரில் அது பிஹெச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, சடாரென்று இறக்கிவிடும்.

அக்வா_ஆசான்:
இவ்வளவு பேச்சு எதற்கு? தினம் 70 சதவீதம் மாற்றச் சொல்லுங்கள். நான் பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன், பச்சைத் தண்ணீரையே பார்த்ததில்லை.

தொட்டிக்கட்டை:
ஆசான் சார், அவர் ஏற்கெனவே தினமும் பாதி மாற்றுகிறார். மாற்ற மாற்றக் கூடுகிறது என்கிறார். அதில் ஏதோ இருக்கிறது. @மூடுபனி88 எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நகராட்சிக் குழாயா, கிணறா, போரா?

மூடுபனி88:
ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கேத்தி பக்கம். 90 லிட்டர் வருகிறது. வீட்டுக்கு மேலே ஊற்று இருக்கிறது, அங்கிருந்து பைப் போட்டு எடுக்கிறோம். ரொம்பச் சுத்தமான தண்ணீர், குளோரின் கிடையாது. நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். தோட்டத்துக்கும் அதுதான்.

தொட்டிக்கட்டை:
ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

மூடுபனி88:
கேரட். அதற்கு மேலே பீட்ரூட்.

தொட்டிக்கட்டை:
அங்கேதான் விஷயம் என்று நினைக்கிறேன். படிக்கட்டுத் தோட்டத்தில் கோழி எருவும் காம்ப்ளக்ஸ் உரமும் போடுவார்கள். மழை பெய்தால் செடி எடுத்துக்கொண்டது போக மிச்ச நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் ஊற்றில் வரும். நிறமில்லை, மணமில்லை, பார்த்தால் பளிங்குத் தண்ணீர். உங்கள் ஊற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 60 இருந்தால் பாதி மாற்றியதும் 70 ஆகும். நீங்கள் தண்ணீர் மாற்றவில்லை, பாசிக்குத் தினமும் உரம் வைக்கிறீர்கள். ஆசான் சொன்னபடி 70 சதவீதம் மாற்றினால் 74. நைட்ரேட் பார்க்கும் ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கும். தொட்டியில் மட்டும் வேண்டாம், ஊற்றுத் தண்ணீரையும் தனியாகப் பாருங்கள். முடிவு வரும்வரை தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், தீனியைக் கால்வாசியாக்குங்கள், வெயில்விரோதி சொன்ன போர்வையைப் போடுங்கள். விசேஷத்துக்கு அது போதும்.

வெயில்விரோதி:
ஆக, போர்வைதான்.

தோட்டத்துதம்பி:
நைட்ரேட் கூடினால் ஆகாயத்தாமரை போடலாமே? ஊட்டி ஏரியில் வேண்டிய மட்டும் கிடைக்கும், காசில்லை.

குன்னூர்அக்கா:
அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தை ஓடையில் போட்டு, அப்புறம் அது அணைவரைக்கும் போகட்டும் என்கிறீர்களா? அந்த ஏரியே பாவம். கலெக்டர் சல்லிவன் 1820களில் வெட்டியபோது இருந்த தண்ணீர் இப்போது இருக்கிறதா? ஊர்ச் சாக்கடை இறங்குகிறது, அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், அதைத் தின்று ஆகாயத்தாமரை. தம்பி தொட்டியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது.

ஏரிக்கரை:
எங்கள் கொடைக்கானல் ஏரி எவ்வளவோ தேவலை. 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் கட்டியது, நட்சத்திர வடிவம். ஊட்டிக்காரர்கள் தங்கள் ஏரியைப் பராமரிக்கத் தெரியாமல் தொட்டிக்கு யோசனை சொல்கிறார்கள்.

குன்னூர்அக்கா:
கொடைக்கானல் ஏரியில் களை எடுக்கும் இயந்திரம் சும்மாவா ஓடியது? படகுத் துறையில் நின்று எட்டிப் பாருங்கள்.

தோட்டத்துதம்பி:
1939-இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை கொண்டுவந்து விட்டது எங்கள் ஊட்டி ஏரியில்தான். இந்தியாவுக்கே அங்கிருந்துதான் அது பரவியது. கொடைக்கானலுக்கு அந்தப் பெருமை உண்டா?

அக்வா_ஆசான்:
அது பெருமையா? கெண்டை அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித்தான் ஏரித் தண்ணீர் கலங்குகிறது. அடிப்படை அறிவு.

தொட்டிக்கட்டை:
ஏரியைத் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள். ஆகாயத்தாமரை வேண்டாம். மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள், இலை வெளியே இருக்கட்டும். அது நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். கோல்ட் ஃபிஷ் வேரைக் கொஞ்சம் கடிக்கும், கடித்துவிட்டுப் போகட்டும். யூ.வி. விளக்கு வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது பச்சையைக் கொல்லும், நைட்ரேட்டைக் குறைக்காது.

மூடுபனி88:
ஸ்ட்ரிப் வந்தது. தொட்டியில் 50-க்கும் 100-க்கும் நடுவில் ஒரு நிறம். ஊற்றுத் தண்ணீர் 100-க்குக் கிட்ட. வீட்டில் யாரும் நம்பவில்லை, அதனால் கடையில் வாங்கிய கேன் தண்ணீரில் ஒன்று முக்கினேன், நிறமே மாறவில்லை. இனி மீனுக்கு மழைத்தண்ணீர் பிடிக்கலாமா? தகரக் கூரை.

தொட்டிக்கட்டை:
பிடிக்கலாம், ஆனால் புதுத் தகரம் என்றால் துத்தநாகம் கரையும், அதுவும் மீனுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த ஷீட்டாக இருந்தால் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். மழைத்தண்ணீரை மட்டும் ஊற்றினால் பிஹெச் நிற்காது, ஊற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். உடைத்த கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் போட்டுவையுங்கள். கோல்ட் ஃபிஷ்ஷுக்கு நைட்ரேட் 40-க்குக் கீழே வந்தால் போதும்.

குன்னூர்அக்கா:
தம்பி, மீனை விடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே. குழந்தைக்குப் புட்டிப்பால் கலப்பது இந்தத் தண்ணீரில்தானா?

மூடுபனி88:
ஆமாம், நன்றாகக் காய்ச்சித்தான் கலக்கிறார்கள்.

குன்னூர்அக்கா:
காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கெட்டியாகும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர வரம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது ரத்தம் ஆக்சிஜன் கொண்டுபோவதையே கெடுக்கும். உதடு, நகம் நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள். ஸ்ட்ரிப் தோராயம்தான், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சரியான அளவு வாங்குங்கள். சாதாரண வடிகட்டிக்கு இது அடங்காது, ஆர்.ஓ.தான் குறைக்கும்.

மூடுபனி88:
குழந்தை நன்றாக இருக்கிறான், டாக்டர் பார்த்துவிட்டார். கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொன்னேன், அவர்களும் அதே ஊற்றுதான். விசேஷத்தன்று தொட்டி போர்வைக்குள்ளேயே இருந்தது, புது ஃபிரிட்ஜா என்று கேட்டார்கள். நேற்று திறந்தேன், மீன் தெரிகிறது. நன்றி அக்கா, நன்றி அண்ணா.

அக்வா_ஆசான்:
நைட்ரேட்தான் காரணம் என்று நான் முதல் பதிலிலேயே எழுதியிருந்தேன்.

தொட்டிக்கட்டை:
எழுதியிருந்தீர்கள் சார். @மூடுபனி88 மணி பிளான்ட் வைத்தீர்களா? சோதனைக்கூட முடிவு வந்ததும் அளவை இங்கே போடுங்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் இன்னும் இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

சக்கர்மணி:
இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டதே, இனி ஒரு டேங்க் கிளீனர் விடலாமா?