கர்ப்பப்பை ஆபரேஷன்: துளை வழியா, கீழ் வழியா? உங்கள் அனுபவம்

மதுரைக்காரி:
ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி. லேப்ராஸ்கோபி, வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுச் செய்தார்கள். வயிறு வலிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள், அது சும்மாதான் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு வலது தோள்பட்டையில் கத்தியால் குத்துகிற மாதிரி ஒரு வலி. மாரடைப்பு என்றே நினைத்து பெல்லை அழுத்தினேன். நர்ஸ் அக்கா நிதானமாக, "கேஸ் வலிம்மா" என்றார். நானும் வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கேட்டேன்! அப்புறம்தான் விளக்கினார்: வயிற்றை உப்ப வைக்க விட்ட கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துமாம். அதன் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் வலி தோளில் தெரியுமாம். மூன்றாம் நாள் போய்விட்டது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? உங்களுக்கும் இப்படித் தோள் வலித்ததா?

தேனி மருமகள்:
துளை எதற்கு? என் மாமியாருக்குக் கர்ப்பப்பை இறங்கி, கீழ் வழியாகவே, அதாவது பிறப்புறுப்பு வழியாக, எடுத்தார்கள். பார்க்க வந்த பெரியம்மா சேலையை விலக்கி வயிற்றைத் தேடிவிட்டு, "ஆபரேஷன் நடந்துச்சா, இல்ல சும்மா படுத்திருக்கியா?" என்றார். ஒரு தையல்கூடக் கண்ணில் படவில்லை. துளைதான் நவீனம் என்பது சும்மா பேச்சு. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பே, முடிகிற இடத்தில் கீழ் வழிதான் முதல் தேர்வு என்கிறது.

கோவை வாசி:
@தேனி, மாமியாருக்கு இறங்கியிருந்தது, அதனால் சுலபம். என் கட்டி தேங்காய் அளவு. எல்லோருக்கும் ஒரே வழி சரிவராது.
எனக்கு ரோபோ வைத்துச் செய்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு என்றார்கள். என்ன வித்தியாசம் என்றேன். "நான் உட்கார்ந்துகொண்டு செய்வேன்" என்றார் டாக்டர். அவர் உட்காருவதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? சாதாரண லேப்ராஸ்கோபியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

நீர்க்கட்டி அம்மா:
எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி, மூன்று துளை, நாலாம் நாள் பிள்ளைகளுக்கு டிபன் கட்டினேன். அவ்வளவுதான் கதை. ஆனால் பெரிய கட்டி உள்ளவர்கள் கேளுங்கள். துளை வழியாக வெளியே எடுக்க அதைத் துண்டு துண்டாக அரைப்பார்கள். அதற்கான கருவி மார்செலேட்டர். 2014இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்பவர்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்குத் தெரியாமல் சார்கோமா என்ற புற்றுநோய் இருக்கலாம், அரைத்தால் வயிற்றுக்குள் பரவக்கூடும் என்றது. அதனால் கட்டியைத் தனியாக ஒரு பைக்குள் போட்டுத்தான் அரைப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். சினைப்பையை விட்டுவைக்கிறார்களா, தேவையில்லாமல் சேர்த்து எடுக்கிறார்களா, அதையும் கேளுங்கள். எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், பிறகு அனுப்புவோம் என்றால் தேதி எழுதி வாங்குங்கள். அந்த டாக்டர் இதே ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார் என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

மதுரைக்காரி:
சரிக்கா, கேட்டுக்கறேன். ஆனா எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. நான் கேட்டது தோள்பட்டையைப் பத்தி. உங்களுக்கு யாருக்குமே வலிக்கலையா?