மழைக்காலத்தில் வீட்டு மிளகாயை வற்றலாக்குவது எப்படி?

கேள்வி (மாடித்தோட்டம், சென்னை)

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் 12 பைகளில் சம்பா மிளகாயும் குண்டு மிளகாயும் வளர்க்கிறேன். ஆடியில் விதைத்தவை ஐப்பசியில் கொத்துக் கொத்தாகப் பழுத்தன. மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் முறத்தில் பரப்பி ஆறு நாள் காய வைத்தேன். தோல் நன்றாகச் சுருங்கிவிட்டதால் காய்ந்துவிட்டது என்று நம்பி டப்பாவில் அடைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது புழுங்கல் வாடை வந்தது. வெளியே சிவப்பு மாறாமல் இருந்த ஒரு பழத்தைப் பிளந்தால், காம்பை ஒட்டி விதைகள் பற்றியிருக்கும் வெண்பகுதி முழுவதும் சாம்பல் நிறப் பூஞ்சணம். அவற்றைக் கழுவிக் காய வைத்துப் பயன்படுத்தலாமா? இனிப் பறிப்பவற்றைப் பச்சையாகவே எண்ணெயில் போட்டு வைத்தால் கெடாது என்கிறார்களே, அது சரியா?

பதில் 1 (மிளகாய் விவசாயி, பரமக்குடி அருகில்)

அம்மா, பூஞ்சணம் பிடித்தவற்றைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அதில் உண்டாகக்கூடிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுதாக அழியாது.

பழுத்த மிளகாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். அது பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கினால்தான் வற்றல் நிற்கும். அதாவது பத்துக் கிலோ பழம் மூன்று கிலோவுக்குள் சுருங்க வேண்டும். தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் உள்ளீரம் மெதுவாகத்தான் வெளியேறும், காம்படியில் அது கடைசிவரை தங்கும். ஆகவே தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிழலில் ஆறவிட்டுக் காதருகே குலுக்குங்கள். விதைகள் கலகலவென்று ஓட வேண்டும், காம்படியை அழுத்தினால் மெத்தென்று இருக்கக்கூடாது. தடித்த தோலுள்ள குண்டு மிளகாய்க்கு நல்ல வெயிலிலேயே பத்து நாளுக்கு மேல் ஆகும்.

பறித்ததும் ஒன்றிரண்டு நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைப்பழங்களும் ஒரே நிறமாகச் சிவக்கும். பிறகு வெறும் தரையில் அல்லாமல் சுத்தமான தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு மூன்று நான்கு முறை கிளறிவிட்டு, மாலையில் பனி இறங்குமுன் அள்ளி மூடிவிட வேண்டும். இரவுப் பனியில் கிடந்த மிளகாய்தான் வெளுத்துச் சோடையாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் புரட்டாசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனி வெயிலில்தான் பழம் எடுக்கிறோம். அடுத்த ஆண்டு நீங்களும் விதைப்பைத் தள்ளிப்போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பதில் 2 (உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், கோவை)

எண்ணெய் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஈரமும் குறைந்த புளிப்பும் உள்ள பச்சை மிளகாயை எண்ணெய் மூடும்போது காற்று புகாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதுவே ஏற்ற இடம், வாடையோ நிறமாற்றமோ இல்லாமலும் நஞ்சு உருவாகலாம். வினிகரிலோ போதிய உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த ஊறுகாயிலோ இந்த ஆபத்து பெரிதும் கட்டுப்படும். வெயில் இல்லாத நாளில் பழத்தை நீளவாக்கில் பிளந்து, மின் உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் காய வைக்கலாம்.

பதில் 3 (இல்லத்தரசி, கும்பகோணம்)

கார்த்திகை முடியும்வரை பழுக்க விடாமல் பச்சையாகவே பறித்து மோர் மிளகாய் போடுங்கள். காம்போடு கீறி, உப்பிட்ட கெட்டி மோரில் இரண்டு நாள் ஊறவிட்டு, பகலில் தட்டில் காய வைத்து இரவில் அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றியபின் சருகாகும்வரை காய வையுங்கள். மழை பிடித்துக்கொண்டால் மோர்ப் பாத்திரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வெயில் வந்ததும் தொடருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கெட்டவற்றை எறிந்துவிட்டேன். விதைக்கு வைக்கும் பழங்களையும் மின் உலர்த்தியில் போடலாமா?

பதில் 1 (மிளகாய் விவசாயி)

வேண்டாம் அம்மா, அந்தச் சூட்டில் முளைப்புத் திறன் போய்விடும். நன்கு பழுத்த பழங்களிலிருந்து விதையை எடுத்து நிழலில் காய வைத்து, ஈரம் படாத கண்ணாடிக் குப்பியில் மூடி வையுங்கள்.